ஹாங்சோ தேயிலை அருங்காட்சியகம்: போவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சீனாவின் ஹாங்சோ நகரிலுள்ள தேசியத் தேயிலை அருங்காட்சியகத்துக்கு நான் மூன்று முறை சென்று வந்திருக்கிறேன். அதை அறிந்த நாளிலிருந்து, வேலை நிமித்தம் ஷாங்காய் செல்லும் நண்பர்களும், விடுமுறையில் சீனா செல்லத் திட்டமிடும் உறவினர்களும் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகிறது என்பதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

டீக்கு என்று ஒரு மியூசியமா? அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கும்?

1991-இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகம் தேயிலையின் வரலாறு, செடியும் இலையும், பதப்படுத்தும் முறைகள், குடிக்கும் வழக்கங்கள், பாத்திரங்கள் என்று தேநீரோடு தொடர்புடைய எல்லாவற்றையும் தனித்தனிக் கூடங்களில் காட்டுகிறது. நூற்றுக்கணக்கான வகைத் தேயிலைகளைக் கண்ணாடிக்குள் வரிசையாக வைத்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. ஊசிபோல் மெல்லியது, முத்துபோல் உருட்டியது, செங்கல்போல் அழுத்தியது, வட்டுபோல் தட்டையானது என்று ஒரே செடியின் இலை எத்தனை வடிவங்கள் எடுக்க முடியும் என்பதை அங்கே ஒரே பார்வையில் காணலாம்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை அந்த இடத்தின் உயிர் பாத்திரக் கூடத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தவர் தேநீரை எப்படிச் செய்தார்கள் என்பதை அவர்கள் பயன்படுத்திய கிண்ணத்தைக் கொண்டே சொல்லிவிடலாம் என்பதை நான் அங்கேதான் கற்றேன். கீழே வரும் பல பதில்கள் அதைச் சுற்றியே அமைந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

அது எங்கே இருக்கிறது? ஷாங்காயிலிருந்து காலையில் போய் இரவு திரும்ப முடியுமா?

முடியும். ஹாங்சோ செஜியாங் மாகாணத்தின் தலைநகரம். ஷாங்காய் ஹோங்சியாவ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள், அல்லது அதையொட்டிய நேரத்தில், அங்கே சேர்ந்துவிடலாம். ரயில் சீட்டு வாங்கவும் நிலையத்துக்குள் நுழையவும் பாஸ்போர்ட் தேவைப்படும் என்பதால் அதைக் கையிலேயே வைத்திருங்கள்.

நகரின் மேற்கில் மேற்கு ஏரி இருக்கிறது. 2011-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நிலப்பரப்பு அது. ஏரியைத் தாண்டி லாங்ஜிங் சாலையில் ஏறத் தொடங்கினால் இருபுறமும் தேயிலைத் தோட்டங்கள் வந்துவிடும். அருங்காட்சியகம் அந்தத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. அதற்குச் சுற்றுச்சுவர் கிடையாது. எங்கே தோட்டம் முடிகிறது, எங்கே வளாகம் தொடங்குகிறது என்பதை முதல் முறை செல்பவரால் சொல்ல முடியாது.

டிக்கெட் எவ்வளவு? எந்தக் கிழமை விடுமுறை?

அனுமதி இலவசம். திங்கள்கிழமை மூடியிருக்கும், ஆனால் அரசு விடுமுறை நாள் திங்களில் வந்தால் மட்டும் திறந்திருக்கும். நேரம் கோடையிலும் குளிர்காலத்திலும் சற்று மாறும். மாலை நாலரைக்குள் பார்த்து முடிப்பதாகத் திட்டமிட்டுக்கொண்டால் எந்தப் பருவத்திலும் சிக்கல் வராது. தேநீர் சுவைக்கும் அமர்வுக்கும் பயிற்சி வகுப்புக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

விசா விஷயம் எப்படி?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சீன விசா பெற்றுத்தான் செல்ல வேண்டும். சில நாட்டவருக்குச் சீனா வழங்கும் விசா இல்லாத இடைத்தங்கல் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை என்பதைப் பலர் கவனிக்காமல் விமானச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 30 நாள்கள் வரை விசா இன்றிச் செல்லலாம். விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படும் முன் தூதரக அறிவிப்பை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எனக்குச் சீன மொழி சுத்தமாகத் தெரியாது. போய்ப் பயன் உண்டா?

உண்டு. முக்கியமான விளக்கப் பலகைகளில் ஆங்கிலமும் இருக்கிறது. இருந்தாலும், சிறு பொருள்களின் கீழுள்ள சீட்டுகளில் சீன மொழி விளக்கம் நீளமாகவும் ஆங்கிலம் ஒற்றை வரியாகவும் இருப்பதைப் பார்ப்பீர்கள். கைப்பேசியில் படம் பிடித்து மொழிபெயர்க்கும் செயலி அங்கே நன்றாக உதவும். சீனாவுக்குள் சில வெளிநாட்டுச் செயலிகள் இயங்காது என்பதால், இணையம் இல்லாமலே வேலை செய்யும் மொழிக் கோப்பை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

டாக்சி ஓட்டுநரிடம் அருங்காட்சியகத்தின் பெயரை உச்சரித்துக் காட்டிப் புரியவைக்கும் முயற்சி பெரும்பாலும் பலிக்காது. சீன எழுத்தில் பெயரும் முகவரியும் உள்ள படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருங்கள். வளாகம் இரண்டு என்பதால், எந்த வளாகம் என்பதும் அந்தப் படத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு வளாகங்களா? எதற்குப் போவது?

ஷுவாங்ஃபெங் என்ற இடத்திலுள்ளதுதான் 1991-இல் திறந்த பழைய வளாகம். மேலே குறிப்பிட்ட கூடங்கள் அங்கேதான் இருக்கின்றன. லாங்ஜிங் கிராமத்தை ஒட்டிய மலைச்சரிவில் இரண்டாவது வளாகம் 2015-இல் திறக்கப்பட்டது. காட்சி என்று பார்த்தால் இரண்டாவதுதான் அழகு, தோட்டங்கள் படிப்படியாக இறங்கும் சரிவை அங்கிருந்து முழுமையாகப் பார்க்கலாம். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஷுவாங்ஃபெங் செல்லுங்கள். முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிற்பகலில் மேலே லாங்ஜிங் பக்கம் ஏறுவது என் வழக்கம்.

எந்த மாதம் போனால் நல்லது?

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை. அந்தச் சில வாரங்களில்தான் சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறிப்பதும் கிராமத்து வீடுகளில் இலை வறுப்பதும் நடக்கின்றன. ஏப்ரல் 4 அல்லது 5-ஆம் தேதி வரும் சிங்மிங், நம் அமாவாசைத் தர்ப்பணம்போல் முன்னோர் கல்லறைக்குச் சென்று வழிபடும் நாள். அதற்கு முன் பறித்த கொழுந்துக்கு ஒரு விலை, அதன்பின் ஏப்ரல் 20 வாக்கில் வரும் குயூ என்னும் பருவநாள் வரை பறித்ததற்கு வேறொரு விலை. குளிரில் உறங்கிய செடியின் முதல் துளிர் என்பதால் முன்னதற்கு மென்மை அதிகம்.

சிங்மிங் விடுமுறை நாள்களிலும், மே முதல் வாரத்திலும், அக்டோபர் முதல் வாரத்திலும் மட்டும் செல்லாதீர்கள். மேற்கு ஏரியைச் சுற்றி நிற்கவும் இடமிருக்காது.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? எங்கே தொடங்குவது?

அவசரமாகச் சுற்றினால் ஒரு மணி நேரம் போதும், ஆனால் மனத்தில் எதுவும் தங்காது. மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வரலாற்றுக் கூடத்தில் தொடங்குங்கள். பலர் வாசலுக்கு அருகிலுள்ள கடையிலும் தேநீர் அறையிலும் நேரத்தைச் செலவழித்துவிட்டுப் பாத்திரக் கூடத்துக்குக் களைப்போடு வருகிறார்கள். வரலாறு, அடுத்ததாகப் பாத்திரம், கடைசியில் குடிப்பது என்ற வரிசையில் சென்றால் ஒவ்வொன்றும் அடுத்ததை விளக்கும்.

கொதிக்கிற தண்ணீரில் இலை விழுந்து ராஜா ஒருவர் டீயைக் கண்டுபிடித்தார் என்பது உண்மையா?

அது ஷென்னோங் என்னும் தொன்மக் கதாபாத்திரத்தைப் பற்றிய கதை. மக்களுக்கு உழவையும் மருந்தையும் கற்பித்தவராகச் சீனர்கள் அவரைப் போற்றுகிறார்கள். கிமு 2737 என்று ஆண்டுகூடச் சொல்வார்கள், ஆனால் அது வரலாற்றுச் சான்று கொண்ட தேதி ஆகாது. நம் அகத்தியரைப் பற்றிய கதைகளை எப்படி எடுத்துக்கொள்கிறோமோ அப்படியே இதையும் எடுத்துக்கொள்ளலாம்.

சான்று வேண்டும் என்றால் மூன்று இருக்கின்றன. செஜியாங் மாகாணத்தின் தியன்லுவோஷான் அகழாய்வில் சுமார் 6000 ஆண்டு பழமையான தேயிலைச் செடி வேர்கள் கிடைத்திருக்கின்றன. மனிதர் நட்டு வளர்த்த செடிகள் அவை என்பது ஆய்வாளர்களின் முடிவு. எழுத்துச் சான்றாகக் கிமு 59-இல் வாங் பாவ் என்பவர் எழுதிய அடிமை ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. வாங்கிய அடிமை செய்ய வேண்டிய வேலைகளின் நீண்ட பட்டியலில் தேநீர் காய்ச்சுவதும், வேற்றூர் சென்று தேயிலை வாங்கி வருவதும் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் சந்தைப் பொருளாகத் தேயிலை அப்போதே இருந்ததை அந்த இரண்டு வரிகள் காட்டிவிடுகின்றன. மூன்றாவது, ஷியான் நகருக்கு அருகில், ஹான் வமிசப் பேரரசர் ஜிங்கின் யாங்லிங் கல்லறையில் கிடைத்த சுமார் 2100 ஆண்டு பழைய இலை எச்சம். அது தேயிலை மொட்டுதான் என்று 2016-இல் வெளியான ஆய்வு நிறுவியது.

லூ யூ என்று எங்கு பார்த்தாலும் ஒரு பெயர் வருகிறதே, யார் அவர்?

733 முதல் 804 வரை வாழ்ந்தவர். குழந்தையாகக் கைவிடப்பட்டு, பௌத்தத் துறவி ஒருவரால் மடத்தில் வளர்க்கப்பட்டவர். எட்டாம் நூற்றாண்டில் அவர் எழுதிய ‘சா ஜிங்’ என்னும் பத்து அத்தியாய நூல்தான் தேநீரைப் பற்றி உலகில் எழுதப்பட்ட முதல் முழு நூல். செடி, கருவி, பதம், தண்ணீர், கிண்ணம் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. தண்ணீரில் மலைநீர் முதல் தரம், ஆற்று நீர் அடுத்தது, கிணற்று நீர் கடைசி என்கிறார். கொதியிலும் மூன்று நிலை சொல்கிறார். மீன்கண் போன்ற குமிழிகள் எழுவது முதல் கொதி. ஓரங்களில் முத்துக்கோவைபோல் குமிழிகள் ஏறுவது இரண்டாம் கொதி. அலைபோல் புரள்வது மூன்றாம் கொதி, அதற்கு மேல் போனால் நீர் முதிர்ந்துவிடும்.

அக்காலத்தில் பலர் தேநீரோடு வெங்காயத்தாள், இஞ்சி, இலந்தைப் பழம், ஆரஞ்சுத் தோல், புதினா ஆகியவற்றைப் போட்டுக் காய்ச்சினார்கள். அது சாக்கடையில் ஊற்றும் நீருக்குச் சமம் என்று லூ யூ கடுமையாகவே எழுதியிருக்கிறார். அவர் சேர்த்தது சிறிது உப்பு மட்டும். இஞ்சி தட்டிப்போட்ட தேநீரில் வளர்ந்த எனக்கு இந்த இடத்தில் அவரோடு உடன்பாடு இல்லை, ஆனால் இலையின் சுவையை மட்டுமே தேடிய முதல் மனிதரின் பிடிவாதம் அது என்பது புரிகிறது.

பழைய கிண்ணங்களில் சில பச்சை, சில கறுப்பு, சில வெள்ளை. அழகுக்காக மட்டும்தானா, வேறு காரணம் உண்டா?

காரணம் உண்டு. நான் எல்லோரிடமும் நின்று பார்க்கச் சொல்வது இதைத்தான். தாங் வமிசக் காலத்தில், அதாவது லூ யூவின் காலத்தில், தேயிலையை ஆவியில் வேகவைத்து, இடித்து, வில்லையாக அழுத்தி உலர்த்தி வைத்தார்கள். வேண்டும்போது அதைத் தீயில் வாட்டி, பொடித்து, கொதிநீரில் போட்டுக் காய்ச்சினார்கள். அந்தச் சாறு செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால் அது சிவப்பாகத் தெரிகிறது, யூ பகுதியின் பச்சைக் கிண்ணத்தில் ஊற்றினால் பசுமையாகத் தெரிகிறது என்று லூ யூ எழுதி, பச்சைக்கே முதலிடம் கொடுத்தார். யூ என்பது இதே செஜியாங் மாகாணப் பகுதிதான்.

அடுத்து வந்த சோங் வமிசக் காலத்தில் காய்ச்சுவது போய்க் கடைவது வந்தது. வில்லையை மாவுபோல் அரைத்து, சூடாக்கிய கிண்ணத்தில் இட்டு, சிறிது நீரில் குழைத்து, நீண்ட மூக்குள்ள கூஜாவிலிருந்து வெந்நீரை ஊற்றி, மூங்கில் துடுப்பால் அடித்து நுரை எழுப்பினார்கள். யாருடைய நுரை வெண்மையாகவும் கலையாமலும் நிற்கிறது என்று போட்டிகூட நடந்தது. பேரரசர் ஹுய்சோங் 1107 வாக்கில் தம் கையாலேயே தேநீரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெள்ளை நுரை எடுப்பாகத் தெரியக் கறுப்புக் கிண்ணம் வேண்டும். சூடு தணியாமலிருக்கச் சுவர் தடித்திருக்க வேண்டும். ஃபூஜியான் மாகாணத்தின் ஜியான் சூளைகளில் சுட்ட கறுப்புக் கிண்ணங்கள் இரண்டுக்கும் பொருந்தின. அவற்றில் ஒன்றின் முன் குனிந்து பாருங்கள். முயல் முடியைப் போன்ற பழுப்புக் கோடுகள் விளிம்பிலிருந்து அடிநோக்கி வழிந்திருக்கும். வெளிப்புறம் மெருகு கீழே ஓடிவந்து, அடிவட்டத்துக்குச் சற்று மேலே கெட்டியான சொட்டாக உறைந்து நின்றிருக்கும்.

வெள்ளைக் கிண்ணத்தின் காலம் அதன் பின் வருகிறது. மிங் வமிசத்தை நிறுவிய பேரரசர் சூ யுவான்சாங் 1391-இல், அரண்மனைக்குத் திறையாக வரும் வில்லைத் தேயிலையை நிறுத்திவிட்டு உதிரி இலையாக அனுப்பும்படி ஆணையிட்டார். வில்லை செய்வது உழைப்பாளிகளுக்குப் பெரும் சுமையாக இருந்தது. இலையை அப்படியே வெந்நீரில் ஊறவைக்கும் முறை அதன்பின் பரவியது. சாற்றின் இயல்பான வெளிர் நிறத்தைக் காட்ட வெள்ளைப் பீங்கான் தேவைப்பட்டது, ஊறவைக்கக் கெட்டில் தேவைப்பட்டது. இன்று நாம் தேநீர் போடும் முறையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் ஜப்பானியர்கள் பச்சைப் பொடியை அடித்துக் குடிப்பது?

முந்தைய பதிலில் சொன்ன சோங் காலத்து முறையிலிருந்து வந்ததுதான். செஜியாங் மாகாணத்தின் மலை மடங்களுக்குப் படிக்க வந்த ஜப்பானியத் துறவிகள் பொடித் தேநீரையும் கறுப்புக் கிண்ணங்களையும் தங்கள் நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். 1191-இல் நாடு திரும்பிய எய்சாய் என்ற துறவி அவர்களுள் புகழ்பெற்றவர். ஜியான் கிண்ணத்தை ஜப்பானில் ‘தென்மோக்கு’ என்று அழைப்பதற்குக் காரணம், ஹாங்சோவுக்கு மேற்கிலுள்ள தியன்மு மலை மடங்களிலிருந்து அது அவர்களுக்குக் கிடைத்தது என்பதே. சீனாவில் வழக்கொழிந்த ஒரு முறை கடல் தாண்டி இன்னும் பேணப்பட்டு வருகிறது.

கெட்டில்கள் ஏன் பொம்மை அளவில் இருக்கின்றன? அதில் எத்தனை பேர் குடிக்க முடியும்?

மூன்று நான்கு பேர் தாராளமாகக் குடிக்கலாம். சிறு கெட்டிலில் நிறைய இலையைப் போட்டு, சில நொடிகள் மட்டும் ஊறவிட்டு, இரண்டு மிடறு கொள்ளும் கிண்ணங்களில் பிரித்து ஊற்றி, மறுபடி மறுபடி வெந்நீர் விடுவது தென்கிழக்குச் சீனாவின் வழக்கம். ஊலாங் என்னும் தேயிலை வகைக்கு இது மிகவும் பொருந்தும். ஒவ்வொரு ஊற்றிலும் மணம் மாறும் என்பதால் பெரிய பானையில் ஒரேயடியாகப் போட்டுவிட்டால் அந்த மாற்றத்தை அறிய முடியாது.

செம்பழுப்பு நிறத்தில் மெருகில்லாமல் இருப்பவை யீசிங் கெட்டில்கள். தாய் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள யீசிங் ஊரின் மண்ணால், குயவர் சக்கரம் இல்லாமல், தட்டித் தகடாக்கிய மண்ணை வளைத்து ஒட்டிச் செய்யப்படுபவை. மெருகில்லாத மண் சுவர் தேநீரின் மணத்தைச் சிறிது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் ஒரு கெட்டிலில் ஒரே வகைத் தேயிலையை மட்டும் போடுவார்கள், சோப்பு வைத்துத் துலக்க மாட்டார்கள். நம் வீட்டில் மீன்குழம்புச் சட்டியைத் தனியாக வைப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்.

அங்கே பார்ப்பவை எல்லாம் அசலா, நகலா?

இரண்டும் உண்டு. நகல் வைப்பது ஒரு குறையாகாது, ஏனெனில் சில பொருள்கள் தம் இடத்தைவிட்டு நகரவே கூடாதவை. உதாரணமாக, ஷான்ஷி மாகாணத்தின் ஃபாமென் கோயில் நிலவறையில் 1987-இல் கிடைத்த தாங் காலத்து அரண்மனைத் தேநீர்க் கருவிகள் 874-இல் மூடி முத்திரையிடப்பட்டவை. பொன்முலாம் பூசிய வெள்ளியாலான அரைவையும் சல்லடையும் அவற்றில் உண்டு. அவற்றின் அசல் அந்தக் கோயிலை ஒட்டிய அருங்காட்சியகத்துக்கே உரியது, வேறு ஊரில் நிரந்தரக் காட்சியாகப் பார்த்தால் அது நகல் என்று கொள்ளலாம். சீட்டில் ‘ஃபூஜிபின்’ என்ற சொல் இருந்தால் நகல் என்று பொருள். மொழிபெயர்ப்புச் செயலி அதைச் சரியாகவே காட்டும்.

கிரீன் டீச் செடி வேறு, நம் டீச் செடி வேறுதானே?

இல்லை. பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊலாங், சிவப்பு, கரும் தேயிலை என்று சீனர்கள் பிரிக்கும் ஆறு வகைகளும் கமீலியா சினென்சிஸ் என்ற ஒரே இனத்திலிருந்து வருபவை. வேறுபாடு பறித்த பின் செய்யும் வேலையில் இருக்கிறது. இலையை உடனே சூடுபடுத்தினால் அதிலுள்ள நொதிகள் செயலிழந்து பசுமை நிற்கும், அது பச்சைத் தேயிலை. வாட்டி, உருட்டி, காற்றுபட விட்டால் நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதுபோல் இலை கறுக்கும். நாம் குடிப்பது அந்த வகை. ஆங்கிலேயர் உலர்ந்த இலையைப் பார்த்து அதைக் கறுப்புத் தேயிலை என்றார்கள், சீனர்கள் சாற்றைப் பார்த்துச் சிவப்புத் தேயிலை என்கிறார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் குழம்புபவர்கள் அதிகம். இனத்துக்குள் சிற்றிலைச் சீன வகை, பேரிலை அசாம் வகை என்று இரு பிரிவுகள் இருப்பது உண்மை, ஆனால் அதற்கும் பச்சை, சிவப்புக்கும் சம்பந்தமில்லை.

பால், சர்க்கரை கேட்டால் கொடுப்பார்களா?

இந்தப் பகுதியின் பச்சைத் தேயிலையான லாங்ஜிங்குக்குக் கேட்காதீர்கள். அதை உயரமான கண்ணாடிக் குவளையில், பாலும் சர்க்கரையும் இன்றி, இலை மிதக்கக் கொடுப்பார்கள். ஆனால் சீனாவில் பாலே சேர்ப்பதில்லை என்ற எண்ணம் தவறு. வழக்கங்களைக் காட்டும் கூடத்தில் திபெத்தியரின் வெண்ணெய்த் தேநீரையும் மங்கோலியரின் உப்பிட்ட பால் தேநீரையும் பற்றிக் காணலாம். நீண்ட மரக்குழாயில் வெண்ணெயையும் தேநீரையும் இட்டுக் கடையும் திபெத்திய முறையைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டு மோர் மத்து நினைவுக்கு வந்தது.

இலையைக் கையால் வறுப்பதைப் பார்க்க முடியுமா?

பருவத்தில் சென்றால், அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ள லாங்ஜிங், வெங்ஜியாஷான் கிராமங்களில் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். நான் கடைசியாகச் சென்றபோது ஒரு முதியவர் சூடேறிய இரும்புச் சட்டிக்கு முன் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிக் கொழுந்தைப் போட்டு, வெறுங்கையால் வேலை செய்துகொண்டிருந்தார். முதலில் உள்ளங்கையால் அள்ளி உதறினார், ஈரம் ஆவியாக எழுந்தது. இலை தளர்ந்ததும் சட்டியின் சுவரோடு சேர்த்துத் தேய்த்து அழுத்தத் தொடங்கினார். சற்று நேரத்தில் உருண்டிருந்த கொழுந்துகள் தட்டையாகி, ஒன்றோடொன்று உரசும் சத்தம் சரசரவென்று மாறியது. அவர் இலையைப் பார்க்கவே இல்லை, அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நிறுத்தினார். எடுத்து ஆறவைத்து, மறுபடி ஒரு முறை வறுத்து முடிப்பார்கள்.

இந்தக் கை அசைவுகளை உதறுதல், தேய்த்தல், அழுத்தல் என்று பத்தாக வகுத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். ஒரு கிலோ காய்ந்த தேயிலைக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். சீனாவின் பாரம்பரியத் தேயிலைப் பதப்படுத்தும் நுட்பங்களும் அவற்றோடு தொடர்புடைய சமூக வழக்கங்களும் 2022 நவம்பரில் யுனெஸ்கோவின் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டதில் லாங்ஜிங் வறுவலும் அடக்கம்.

அங்கேயே லாங்ஜிங் வாங்கி வரலாமா? ஏமாற்றுகிறார்கள் என்கிறார்களே?

வாங்கலாம், ஆனால் கவனம் தேவை. ‘மேற்கு ஏரி லாங்ஜிங்’ என்ற பெயர், வரையறுக்கப்பட்ட 168 சதுர கிலோமீட்டர் பரப்பில் விளைந்ததற்கு மட்டுமே உரியது. செஜியாங்கின் மற்றப் பகுதிகளில் விளைவது சியன்தாங் லாங்ஜிங், யூசோ லாங்ஜிங் என்ற பெயர்களில் விற்கப்பட வேண்டும். அவையும் நல்ல தேயிலைதான், விலையும் குறைவு. குறைந்த விலைத் தேயிலை உயர்ந்த பெயரில் விற்கப்படுவதுதான் சிக்கல். மேற்கு ஏரிப் பொட்டலத்தில் போலியைத் தடுக்கும் அரசு முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் பயணத்தில், வழியில் அழைத்த ஒருவரின் வீட்டில் சிங்மிங்குக்கு முந்தைய இலை என்று நம்பி நான் வாங்கியது, ஊருக்கு வந்து ஊறவைத்தபோது அகன்று தடித்த இலைகளாக விரிந்தது. சுவைக்கக் கொடுத்த தேயிலை வேறு, கட்டிக் கொடுத்த தேயிலை வேறு. அதிலிருந்து, என் கண்முன் ஊறவைத்துக் காட்டிய அதே தகர டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுத்தால்தான் வாங்குகிறேன். 50 கிராம் போதும். பச்சைத் தேயிலை நாள்பட மணம் இழக்கும் என்பதால் மலிவாகக் கிடைக்கிறதென்று அரைக் கிலோ வாங்குவது வீண்.

நம் ஊர்த் தேயிலைக்கும் இந்த இடத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

சொல்லிலிருந்தே தொடங்கலாம். சீனாவின் பெரும்பகுதியில் இதன் பெயர் ‘சா’. ஃபூஜியான் கடற்கரையின் மின்னான் பேச்சில் ‘தே’. தரைவழி சென்ற பெயர் பெரும்பாலும் சாய், சாயா என்றானது. டச்சு வணிகர்கள் கப்பலில் ஏற்றிச் சென்ற பெயர் ‘தே’. நம் தேயிலை, தேநீர் இரண்டின் முதலெழுத்தும் அந்தக் கடற்கரையிலிருந்து வந்ததுதான்.

செடியும் ஒரு பகுதி அங்கிருந்து வந்தது. 1848-க்கும் 1851-க்கும் இடையில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீன உடையில் மாறுவேடமிட்டு உள்நாட்டில் பயணம் செய்து, செடிகளையும் விதைகளையும் தொழில் தெரிந்த சீனர்களையும் இமயமலை அடிவாரத் தோட்டங்களுக்கு அனுப்பினார். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துராவில் வணிகமுறைத் தேயிலைப் பயிரைத் தொடங்கினார். காப்பிச் செடியைத் துரு நோய் அழித்த பிறகு மலையகம் முழுவதும் தேயிலையானது. அந்த மலைகளில் கொழுந்து எடுத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நம் மக்கள். ஹாங்சோவின் கண்ணாடிப் பெட்டிகளில் அரசர்களும் துறவிகளும் நிறைய வருகிறார்கள். இலங்கைத் தேயிலையின் கதையைத் தேடுபவர்கள் கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும். பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் அது அமைந்திருக்கிறது.

ஹாங்காங்கிலும் ஒரு டீ மியூசியம் இருக்கிறதாமே, அதைப் பார்த்தால் போதாதா?

ஹாங்காங் பூங்காவிலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ், 1846-இல் பிரிட்டிஷ் படைத்தலைவருக்காகக் கட்டிய வீடு. 1984 முதல் தேநீர்ப் பாத்திர அருங்காட்சியகமாக இருக்கிறது, அனுமதி இலவசம். பாத்திரங்களை மட்டும் அமைதியாகப் பார்க்க அது மிக நல்ல இடம், யீசிங் கெட்டில்களை விரும்புபவர்கள் தவறவிடக்கூடாது. ஆனால் செடியும் சட்டியும் கிராமமும் அங்கே கிடையாது. விசா கிடைக்காதவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறேன், கிடைத்தவர்களுக்கு ஹாங்சோவையே சொல்வேன்.

வாங்கி வந்த லாங்ஜிங்கை வீட்டில் எப்படிப் போடுவது? எனக்குக் கசக்கிறது.

நாம் செய்வதுபோல் கொதிக்கவிட்டால் கசக்கத்தான் செய்யும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 80 டிகிரி வாக்கில் வரும்வரை சில நிமிடம் ஆறவிடுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் மூன்று கிராம், அதாவது இரண்டு விரலால் எடுக்கும் ஒரு நல்ல சிட்டிகையைவிடச் சற்று அதிகமாக, இலை போட்டு, முதலில் இலை நனையும் அளவு மட்டும் ஊற்றிச் சுழற்றுங்கள். மணம் எழுந்த பின் முக்கால் டம்ளர் வரை ஊற்றுங்கள். மிதக்கும் இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து அடியில் இறங்கும்வரை பொறுங்கள்.

முழுவதையும் குடித்து முடித்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு மீதமிருக்கும்போதே மறுபடி வெந்நீர் ஊற்றுவது ஹாங்சோ வழக்கம், அதனால் அடுத்த ஊற்று நீர்த்துப்போகாது. மூன்று முறை வரை ஊற்றலாம். அதன்பின் அடியில் தங்கியிருக்கும் கொழுந்தை எடுத்து விரித்துப் பாருங்கள். ஒரு மொட்டும் அதை ஒட்டி ஒன்றோ இரண்டோ இளந்தளிரும் முழுதாக இருந்தால் நீங்கள் கொடுத்த விலை சரிதான்.